கேசினோ ட்ரிப்பு போறீங்களா? ரூம் எங்க போடறதுன்னு வேலூர்க்காரங்களுக்கு ஒரு கைடு

கோவா டிக்கெட் போட்டாச்சு, நாலு பேரும் ஆபீஸ்ல லீவு சொல்லியாச்சு, கடைசில வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் "மச்சான் ரூம் எங்கடா போடறது"ன்னு கேப்பான், உடனே இன்னொருத்தன் ஆப்பைத் திறந்து விலை கம்மியானது மேல வர்ற மாதிரி வெச்சு முதல்ல வர்றதைத் தட்டிடுவான். காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை, ஆம்பூர்னு நம்ம பக்கத்துல இருந்து கிளம்புற முக்கால்வாசி கும்பல் இப்படித்தான் ரூம் போடுது. வெறும் பீச் ட்ரிப்புன்னா பரவால்ல. கேசினோக்குன்னே போறீங்கன்னா இது வேலைக்காவாது, ஏன்னா அங்க இருந்து யாரும் சாயந்திரம் ஆறு மணிக்கு நல்ல புள்ளையா வெளிய வர்றதில்ல. ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்கு, பாதி பேரு தண்ணி போட்டுக்கினு, மீதி பேரு தூக்கக் கலக்கத்துல, யார்கிட்டயும் பேசப் பிடிக்காம வருவீங்க. அந்த நேரத்துல ரூமுக்கு எப்படி வந்து சேருவீங்கங்கிறதைத்தான் முதல்ல பார்க்கணும், ஸ்விம்மிங் பூல் போட்டோ எல்லாம் அப்புறம்.

இது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு பெங்கால்ல இருந்து, ஜார்கண்ட்ல இருந்து வர்றவங்களைப் பாருங்க, பாகாயம் பக்கம் காத்தோட்டமா பெரிய ரூம் கம்மி வாடகைக்குக் கிடைக்குதுன்னு சொன்னாலும் காந்தி ரோடு சந்துல ஒரு கட்டில் போட்ட லாட்ஜ்தான் வேணும்பாங்க. விடிகாலைல பேஷண்ட்டைக் கைத்தாங்கலா இட்டுக்கினு போகணும், திரும்ப இட்டுக்கினு வரணும், அவங்களுக்கு அந்தக் கணக்கு தெளிவா தெரியும்.

ரூம் தேடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் வூட்ல உக்காந்து முடிவு பண்ணிடுங்க. யாரு யாரு வர்றாங்க, அதுல எத்தினி பேரு நெஜமாவே டேபிள்ல உக்காரப் போறாங்க. நாலு பசங்க மட்டும்னா கதை வேற. பொண்டாட்டி, குழந்தை, மாமியார்னு குடும்பமா போய் அதுல நீங்க ஒருத்தர் மட்டும் ஒரு ராத்திரி மூணு மணி நேரம் ஆடப் போறீங்கன்னா, அந்த மூணு மணி நேரத்துக்காக மொத்த குடும்பத்தையும் கேசினோ ஹோட்டல்ல போட்டு பணத்தைக் கரைக்கறதுல அர்த்தமே இல்ல. 21 வயசு ஆகாதவங்களை கோவா, சிங்கப்பூர், மலேசியா, வேகஸ் எங்கயும் ஆட விட மாட்டாங்க, அதனால காலேஜ் பையனை இட்டுக்கினு போனா அவன் ரூம்ல போனை நோண்டிக்கினு கிடப்பான், அவனுக்கும் சேர்த்துதான் இடம் பார்க்கணும்.

தமிழ்நாட்டுல கேசினோ கிடையாது, 2003-லேயே லாட்டரிக்கும் தடை போட்டாச்சு. இந்தியாவுக்குள்ளன்னா கோவா, இல்லன்னா சிக்கிம். வெளிநாடுன்னா நம்ம ஆளுங்க பெரும்பாலும் போறது மலேசியால கெண்டிங், சிங்கப்பூர், கொழும்பு, அப்புறம் பசங்க அமெரிக்கால இருந்தா வேகஸ். ஒவ்வொண்ணுக்கும் ரூம் கணக்கு வேற வேற.

கோவாவுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா பாதிப் பேருக்கு அதுதான் தேவை. கோவான்னு சொன்னா நம்ம பசங்க மனசுல பாகா, கலங்கூட் பீச்சுதான் வரும், ரூமும் அங்கயே போட்டுடுவாங்க. ஆனா பெரிய கேசினோ எல்லாம் பீச்சுல இல்ல, பணஜி டவுன்ல மாண்டோவி ஆத்துல நிக்கற கப்பல்ல இருக்கு. டெல்டின் ராயல், மெஜஸ்டிக் பிரைடு, பிக் டாடி எல்லாம் அந்த ஆத்துல நிக்கறதுதான். ஆத்தோரமா ஒரு பெரிய ரோடு போகுது, அந்த ரோட்டுலயே ஒவ்வொரு கப்பலுக்கும் டிக்கெட் கவுண்டர் இருக்கும், அங்க ஐடி காட்டி பணம் கட்டி கையில பட்டை மாட்டிக்கினு ஜெட்டில, அதாவது படகுத்துறைல, சின்ன போட்டுல ஏறி கப்பலுக்குப் போவீங்க. திரும்பறதும் அதே போட்டுலதான், கூட்டமா இருந்தா போட்டுக்கு லைன்ல நிக்கணும், அதுலயே கொஞ்ச நேரம் போயிடும்.

இப்போ நீங்க ரூம் பாகாவுல போட்டிருக்கீங்கன்னு வைங்க. ஜெட்டியில இருந்து பதினஞ்சு கிலோமீட்டருக்கு மேல. நம்ம ஊரு மாதிரி ஓலா, ஊபர் தட்டினா வண்டி வந்து நிக்கும்னு நினைச்சுடாதீங்க, கோவாவுல டாக்ஸி யூனியன் வெச்சதுதான் சட்டம், கோவாமைல்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, அதுலயும் நடுராத்திரி வண்டி கிடைக்கறது அவங்கவங்க அதிர்ஷ்டம். ராத்திரி மூணு மணிக்கு ஜெட்டி வாசல்ல நிக்கற டாக்ஸிக்காரன் சொல்றதுதான் ரேட்டு, நீங்க தமிழ்லயும் அரைகுறை ஹிந்திலயும் பேரம் பேசிக்கினு நிப்பீங்க. வாடகை ஸ்கூட்டர் இருக்கேன்னு சொல்லாதீங்க, கப்பல்ல பேக்கேஜோட சேர்த்து சரக்கு ஊத்திக்கினே இருப்பாங்க, அதைக் குடிச்சுட்டு ஸ்கூட்டர்ல பாலம் ஏறி போறது ரூம் விஷயமே இல்ல, உயிர் விஷயம். அதனால கேசினோ போற ராத்திரிக்காவது ரூம் பணஜி டவுன்லயே இருக்கணும். பீச்சும் வேணும்னா மொத ரெண்டு நாள் வடக்குல போட்டுட்டு கடைசி ராத்திரி பணஜிக்கு மாறிக்குங்க, மூட்டை கட்டி மாத்தறது தொல்லைதான், ஆனா அந்த ஒரு டாக்ஸி காசுல பாதி ரூம் வாடகை வந்துடும்.

பணஜிக்குள்ளயும் எங்கன்னு பார்க்கணும். ஜெட்டி ரோட்டுலயே இருக்கிற லாட்ஜ் நடந்து வர வசதி, ஆனா ராத்திரி பூரா மியூசிக்கும் வண்டி ஹார்னும் கேட்டுக்கினே இருக்கும், ரோட்டு பக்கம் ஜன்னல் இருக்கிற ரூம் வேணாம் பின்பக்கம் குடுங்கன்னு முன்னாடியே கேட்டுடுங்க. அதுக்கு ரெண்டு தெரு உள்ள தள்ளி 18 ஜூன் ரோடு பக்கம் போட்டீங்கன்னா சாப்பாடு, கடை எல்லாம் இருக்கும், நடந்தே வந்துடலாம். ஃபோன்டேனாஸ்னு பழைய போர்ச்சுகீஸ் வூடுங்க இருக்கிற தெருவுல அழகான சின்ன சின்ன ஹோட்டல் இருக்கு, குடும்பத்தோட போனா என் ஓட்டு அதுக்குத்தான், பகல்ல அவங்க சுத்திப் பார்க்கவும் இடம் இருக்கு. ஆனா நிறைய பழைய கட்டடத்துல லிஃப்ட் இருக்காது, மாமியாருக்கு முழங்கால் வலின்னா கீழ் ரூம் இருக்கான்னு கேட்டுக்குங்க. பெங்களூர்ல இருந்து பஸ்ல வர்றவங்களுக்கு கடம்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ் இருக்கு, அங்க இருந்தும் ஜெட்டி நடக்கற தூரம்தான்.

மேப்பை நம்பறதுல ஒரு வில்லங்கம் இருக்கு. எங்க சித்தப்பா பையன் போன சீசன்ல போன் பண்ணான்.

"ணா, செம்ம ரூமு ணா, கேசினோ கப்பல் பால்கனில இருந்தே தெரியுது, மேப்ல ஒரு கிலோமீட்டர் கூட இல்ல."

"எந்தக் கரைடா?"

"இன்னா ணா எந்தக் கரை?"

அவன் போட்டது பேத்திம்ல, அதாவது ஆத்துக்கு அந்தப் பக்கம். கப்பல் நல்லாத்தான் தெரியும், லைட்டெல்லாம் தண்ணில மின்னும், ஆனா போகணும்னா பாலத்தைச் சுத்திக்கினு வரணும். நடுவுல ஃபெர்ரி ஓடுது, பகல்ல ஜாலியா இருக்கும், நடுராத்திரி தாண்டி அதை நம்பி உக்கார முடியாது. அவன் கேன்சல் பண்ற ஆப்ஷனோட போட்டிருந்தான், மாத்திக்கினான். அதனால மேப்ல நேர்கோடு பார்க்காம "நடந்து போற வழி" போட்டுப் பாருங்க, அது என்ன சொல்லுதோ அதான் தூரம்.

ஏர்போர்ட்டும் கோவாவுல இப்போ ரெண்டு, பழைய டாபோலிம், 2023 ஜனவரில திறந்த மோபா. ரெண்டுமே பணஜில இருந்து சுமாரா முப்பது கிலோமீட்டர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். டிக்கெட்டுல கோவான்னு மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க, தெற்கு கோவாவுல ரூம் போட்டுட்டு மோபால போய் இறங்கினா டாக்ஸிக்கே ஒரு நாள் வாடகை போயிடும். கார்ல போறவங்க நம்ம பைபாஸ்ல ஏறினா பெங்களூர், ஹூப்ளின்னு அதே ஹைவேல போயிடலாம், ஆனா பணஜில பார்க்கிங் கொடுமை, ஹோட்டல்ல பார்க்கிங் இருக்கா, அது உள்ளயா இல்ல "ரோட்டுல எங்கயாவது போட்டுக்கலாம் சார்" ரகமான்னு கேளுங்க.

இன்னொண்ணு, வெறும் ஆம்பளைங்க கும்பலா போனா சில ஹோட்டல் யோசிக்கும், கேசினோலயும் தனி ஆளுக்கு ஒரு ரேட்டு ஜோடிக்கு ஒரு ரேட்டுன்னு வெச்சிருப்பாங்க, வெள்ளி சனி ஏறும், வாரநாள்ல இறங்கும். நாலு பேரு ஒரு ரூம்ல படுத்துக்கலாம்னு இங்க இருந்து பிளான் போடாதீங்க, மூணாவது ஆளுக்கே எக்ஸ்ட்ரா பெட்டுன்னு பணம் கேப்பான், எல்லார் ஐடியும் கேப்பான். டிசம்பர் கடைசி வாரத்தை விட்டுடுங்க, அப்போ லாட்ஜ்காரன் கூட ஸ்டார் ஹோட்டல் ரேட்டு சொல்வான்.

டைம் விஷயம் ஒண்ணு இருக்கு, இதை யாரும் யோசிக்க மாட்டாங்க. கப்பல்ல இருந்து நாலு மணிக்கு வந்து படுக்கறீங்க, செக்அவுட் பத்து மணி, பதினோரு மணிக்குக் கதவைத் தட்டுவான். ஆறு மணி நேரத் தூக்கத்துக்கு முழு நாள் வாடகை. ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு லேட் செக்அவுட் மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் தருவாங்களான்னு புக் பண்ணும்போதே பேசிடறது, வாரநாள்ல பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. இல்லன்னா காலைல சீக்கிரமா ஃப்ளைட் இருந்தா அந்த ராத்திரிக்கு ரூமே போடாம பேகை மட்டும் ஹோட்டல்ல வெச்சுட்டு கப்பல்ல இருந்து நேரா வந்து குளிச்சுட்டுக் கிளம்பறது, குளிக்க ஒரு பாத்ரூம் தருவாங்களான்னு கேட்டுக்குங்க. வயசுல சின்னவங்களுக்கு ஓகே, நாப்பது தாண்டினவங்க செய்யாதீங்க.

இப்போ காசு. ஹோட்டல் ரூம் வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபா வரைக்கும்னா ஜிஎஸ்டி 5 சதவீதம், அதுக்கு மேல ஒரு ரூபா போனாலும் 18. அதாவது 7,400 ரூபா ரூம் 7,770-ல முடியும், 7,600 ரூபா ரூம் 8,968 ஆயிடும். இருநூறு ரூபா வித்தியாசம்னு நினைச்சா ஆயிரத்து இருநூறு. ஆப்ல ஸ்கிரீன்ல பெருசா தெரியறது வரி இல்லாத ரேட்டு, கடைசி பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு ஒப்பிடுங்க. கேசினோ பக்கம் வரி இன்னும் கொடுமை, 28 சதவீதமா இருந்தது 2025 செப்டம்பர் 22-ல இருந்து 40 ஆயிடுச்சு. ஜெயிச்சா அதுல 30 சதவீதம் வருமான வரி. அதனால "ஜெயிச்ச காசுல நல்ல ஹோட்டலுக்கு மாறிக்கலாம்"ங்கிற பிளான் இருந்தா இப்பவே கிழிச்சுப் போட்டுடுங்க, ரூம் காசு முழுசா முன்னாடியே கட்டிட்டுப் போங்க, டேபிள்ல உக்காரும்போது ரூம் வாடகை பாக்கெட்டுல இருக்கக் கூடாது.

"ஃப்ரீ ரூம்" பத்தி சொல்லணும். கேசினோல மெம்பர் கார்டு போட்டுக் குடுப்பாங்க, நீங்க எவ்ளோ வெச்சு எத்தினி மணி நேரம் ஆடறீங்கன்னு அதுல பதிவாகும், அடுத்த வாட்டி "சார் உங்களுக்கு ரெண்டு நைட்டு காம்ப்ளிமெண்டரி"ன்னு போன் வரும். யாருக்கும் பாசத்துல குடுக்கறது கிடையாது, கணக்கு ரொம்ப சிம்பிள். சக்கரத்தைச் சுத்தி உருண்டை எந்த நம்பர்ல விழும்னு பணம் வெக்கற ஆட்டம்தான் ரூலெட், அதுல ரெண்டு ஜீரோ இருக்கிற ரகத்துல கேசினோ பங்கு 5.26 சதவீதம். நீங்க ஒரு சுத்துக்கு 500 ரூபா வெச்சு, மணிக்கு 40 சுத்து, அஞ்சு மணி நேரம் ஆடினா மொத்தம் ஒரு லட்ச ரூபா டேபிள்ல ஓடுது, அதுல சராசரியா 5,260 ரூபா அவங்களுக்கு. அதுல ஒரு பாகத்தைத்தான் ரூமா, சாப்பாடா உங்களுக்குத் திருப்பித் தர்றாங்க. எப்படியும் ஆடத்தான் போறேன்னா வாங்கிக்குங்க தப்பில்ல. ஆனா ஃப்ரீ ரூமுக்குத் தகுதி வரணும்னு இன்னும் ரெண்டு மணி நேரம் உக்காந்தீங்கன்னா அந்த ரூம்தான் நீங்க வாழ்க்கைல போட்ட ரொம்ப காஸ்ட்லியான ரூம். அதே மாதிரி ஃப்ரீ ரூம்ல சனிக்கிழமை இருக்கா, டாக்ஸ் யாரு கட்டறது, எத்தினி மணி நேரம் ஆடியே ஆகணும்னு கண்டிஷன் இருக்கான்னு கேளுங்க.

சிக்கிம் பத்தி ரெண்டு வரி போதும். கேங்டாக் டவுனுக்குள்ள டென்சோங் ரீஜென்சி ஹோட்டல்ல ஒரு கேசினோ, டவுனுக்கு வெளிய ராணிப்பூல் பக்கம் மேஃபேர் ரிசார்ட்ல ஒண்ணு. ராணிப்பூல்ல தங்கினா டவுன்ல இருக்கிற எம்ஜி மார்க் கடைத்தெருவைச் சுத்திப் பார்க்க ஒவ்வொரு வாட்டியும் டாக்ஸி பிடிச்சு மலை ஏறணும். கேசினோக்குன்னே யாரும் அவ்ளோ தூரம் போகப் போறதில்ல, ஊரு பார்க்கப் போறவங்க டவுன்லயே போட்டுக்குங்க.

கெண்டிங். கோலாலம்பூர்ல இருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், மலை மேல சுமாரா 1,800 மீட்டர் உயரம். ஏலகிரி குளிரை மனசுல வெச்சுக்கினு டி-ஷர்ட்டோட போவாதீங்க, மேகம் வந்து மூஞ்சில உரசும், ஸ்வெட்டர் வேணும். இங்க கேள்வி மேல தங்கறதா, கீழ கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, தங்கிட்டுப் போய்ட்டு வர்றதா. ஆடறதுதான் முக்கியம்னா மேலதான், வேற பேச்சே இல்ல, ஏன்னா கேபிள் கார் நடுராத்திரியோட நின்னுடும், பஸ்ஸும் அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும். சும்மா பார்க்கணும், குழந்தைங்களுக்கு தீம் பார்க், கேபிள் கார், நடுவுல சின் ஸ்வீ கோயில்ல இறங்கி போட்டோன்னா காலைல கேஎல் சென்ட்ரல்ல பஸ் ஏறி சாயந்திரம் திரும்பிடலாம்.

மேல தங்கறவங்களுக்கு கம்மி விலைன்னா ஃபர்ஸ்ட் வேர்ல்டு ஹோட்டல். 7,351 ரூம், உலகத்துலயே அதிக ரூம் இருக்கிற ஹோட்டல்னு கின்னஸ்ல இருக்கு. இதைக் கேட்டதும் பிரம்மாண்டம்னு சந்தோஷப்படாதீங்க, அத்தினி ரூமுக்கும் மத்தியானம் ஒரே நேரத்துல ஆளுங்க வந்தா லைன் எப்படி இருக்கும்னு யோசிங்க. லாபி திருவிழாக் கூட்டமாத்தான் இருக்கும். ரூம் சின்னதா, சாதாரணமா இருக்கும், தூங்கறதுக்கு மட்டும்னா போதும். பெரியவங்களை இட்டுக்கினு போறீங்கன்னா கொஞ்சம் கூட காசு போட்டு அதே மலை மேல இருக்கிற வேற ஹோட்டலைப் பாருங்க. அவானான்னு ஒரு ஹோட்டல் இருக்கு, பேர்ல ரிசார்ட்ஸ் வேர்ல்டுன்னு இருக்கும், ஆனா அது மலை நடுவுல, மேல போக கேபிள் கார் ஏறணும், புக் பண்ணும்போது பார்த்துக்குங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு பத்து ரிங்கிட் டூரிஸம் டாக்ஸ் தனியா உண்டு. சனிக்கிழமை, சைனீஸ் நியூ இயர், அவங்க ஸ்கூல் லீவு எல்லாம் ரேட்டு எகிறும், செவ்வாய் புதன்ல அதே ரூம் கேக்க ஆளில்லாத விலைக்குக் கிடைக்கும்.

என்னைக் கேட்டா ஒரு ராத்திரி மட்டும் மேல, மீதி நாள் பிரிக்ஃபீல்ட்ஸ்ல. கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டினாப்ல இருக்கு, தமிழ்ல பேசலாம், வாழையிலை சாப்பாடு கிடைக்கும், பத்துமலைக்கு ட்ரெயின் அங்க இருந்தே, கெண்டிங் பஸ்ஸும் அங்க இருந்தே. பெரிய சூட்கேஸை கீழ ஹோட்டல்லயே வெச்சுட்டு சின்னப் பையோட மலை ஏறலாம், நிறைய ஹோட்டல் திரும்ப வர்றவங்களுக்கு லக்கேஜ் வெச்சுக் குடுக்கும்.

சிங்கப்பூர்ல நம்ம ஆளுங்க எல்லாரும் கேக்கறது, ஹோட்டலும் கேசினோவும் சேர்ந்திருக்கிற மெரீனா பே சாண்ட்ஸ்ல தங்கலாமா. 57-வது மாடி நீச்சல் குளத்துக்கு அங்க தங்கறவங்களை மட்டும்தான் விடுவாங்க, அந்தக் குளத்துக்காகன்னா ஒரு ராத்திரி போடுங்க, கல்யாண நாள் மாதிரி ஏதாவது இருந்தா நியாயம். கேசினோக்காகன்னா தேவையே இல்ல, ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில இருந்தா வெளிநாட்டுக்காரங்க யாரும் சும்மாவே உள்ள போகலாம். கூட வர்ற மச்சான் சிங்கப்பூர் பிஆர்னா, அதாவது அங்கயே நிரந்தரமா தங்க அனுமதி வாங்கினவர்னா, அவருக்கு மட்டும் 24 மணி நேரத்துக்கு 150 டாலர் கட்டணம், அவர் வெளிய காபி குடிச்சுக்கினு இருக்கறதே நல்லது.

அதனால ரூம் லிட்டில் இந்தியால போடுங்க. டவுன்டவுன் லைன்ல லிட்டில் இந்தியால ஏறினா ரோச்சோர், பூகிஸ், பிராமினாட், அடுத்தது பேஃபிரன்ட், அதான் மெரீனா பே சாண்ட்ஸ் ஸ்டேஷன், மாறாம நாலாவது ஸ்டாப்பு. செந்தோசா தீவுல இருக்கிற இன்னொரு கேசினோக்குன்னா அதே லிட்டில் இந்தியால இருந்து வடகிழக்கு லைன்ல ஹார்பர்ஃபிரன்ட் வரைக்கும் மாறாம போகலாம். ட்ரெயின் நடுராத்திரி வாக்குல நின்னுடும், அப்புறம் டாக்ஸிக்கு மீட்டர் மேல பாதி கூட, ஆனாலும் பேஃபிரன்ட்ல இருந்து தூரம் கம்மிங்கிறதால தாங்கும். செந்தோசால இருந்து வர்றதுக்குக் கொஞ்சம் வலிக்கும். லிட்டில் இந்தியாவுல ரூம் இருந்தா வீராகாளியம்மன் கோயில், முஸ்தபா கடை, நம்ம இட்லி எல்லாம் நடக்கற தூரம்.

ஒரு விஷயம் கவனிங்க, அந்த ஏரியால விலை கம்மியான ரூம் நிறையவற்றுல ஜன்னலே இருக்காது. போட்டோல கர்ட்டன் தொங்கும், கர்ட்டனை விலக்கினா செவுரு. ராத்திரி ஆடிட்டு வந்து பகல்ல தூங்கறவனுக்கு இருட்டு வசதிதான், அம்மா அப்பாவைப் படுக்க வெச்சா ரெண்டு மணி நேரத்துல "மூச்சு முட்டுதுடா"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. ஜன்னல் இருக்கற ரூம்னு எழுதியிருக்கான்னு பார்த்து எடுங்க. ரேட்டுக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி போட்டிருந்தா சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதமும் ஜிஎஸ்டி 9 சதவீதமும் இன்னும் சேரலன்னு அர்த்தம்.

கொழும்பு நமக்கு ரொம்ப கிட்ட, மெட்ராஸ்ல ஏறி பெல்ட் கழட்டறதுக்குள்ள இறங்கிடலாம். 2025 ஆகஸ்ட்ல சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ்னு பெருசா ஒண்ணு திறந்திருக்காங்க, ஹோட்டலும் கேசினோவும் ஒரே கட்டடம். அது இல்லாம பல்லிஸ், பெலாஜியோன்னு பழைய கேசினோ எல்லாம் ஊருக்குள்ளயே இருக்கு. இங்க நான் ரெண்டு மாதிரி சொல்வேன், பசங்க மட்டும் ரெண்டு ராத்திரின்னா கொள்ளுப்பிட்டி பக்கம் ஏதாவது நடுத்தர ஹோட்டல், குடும்பம்னா வெள்ளவத்தை. வெள்ளவத்தைல தமிழ் கேட்டுக்கினே இருக்கும், சைவச் சாப்பாட்டுக்கு அலைய வேணாம், கடல் பக்கம், காலி ரோட்டுல நேரா ஆட்டோவுல போயிடலாம், பிக்மீ ஆப் போட்டுக்கினா பேரம் பேச வேணாம். போயா நாள்ல, அதாவது பௌர்ணமி அன்னிக்கு, சரக்கு கிடைக்காது, கேலண்டர் பார்த்து டிக்கெட் போடுங்க.

வேகஸ் பத்தி, இது பையனோ பொண்ணோ கலிஃபோர்னியால இருந்து "அப்பா அம்மா வாங்க காட்டறேன்"னு கூப்பிடறப்போ போறது, அதனால ரூம் போடறது அவங்கதான், ஆனா நீங்க சில விஷயம் சொல்லி வைங்க. பெரிய கேசினோ ஹோட்டல் எல்லாம் வரிசையா இருக்கிற ஸ்ட்ரிப்ங்கிற ரோடு மட்டும் ஆறரை கிலோமீட்டருக்கு மேல, பக்கத்து ஹோட்டல்னு கண்ணுக்குத் தெரியறது நடந்தா இருபது நிமிஷம் ஆவும், ஒவ்வொரு ஹோட்டலும் அவ்ளோ பெருசு. செக்இன்ல இருந்து லிஃப்டுக்குப் போகணும்னாலே ஸ்லாட் மெஷின் நடுவுல, சிகரெட் புகைல நடந்து போகணும், அப்படித்தான் கட்டியிருக்கான். அப்பாவுக்கு வீசிங் இருந்தா கேசினோவே இல்லாத, புகை இல்லாத ஹோட்டல் ஸ்ட்ரிப்லயே இருக்கு, வ்தாரா மாதிரி, அதைப் போடச் சொல்லுங்க.

பெரும்பாலான ரூம்ல கெட்டில் இருக்காது. ஆமா, அவ்ளோ பெரிய ஹோட்டல்ல சுடுதண்ணி வைக்க ஒண்ணும் இருக்காது, கீழ இறங்கி வந்து காபி வாங்கிக் குடிக்கட்டும், போற வழில மெஷின்ல காசு போடட்டும்னுதான். காலைல எழுந்ததும் சுடுதண்ணி குடிச்சு மாத்திரை போடற அம்மா அப்பாவுக்கு இது பெரிய பிரச்சனை, சின்ன டிராவல் கெட்டில் ஒண்ணு பேக் பண்ணிக்குங்க, அந்த ஊரு கரண்ட்டு 120 வோல்ட், அதுக்கு ஒத்துக்கற கெட்டிலா பாருங்க. மினிபார்ல இருக்கற எதையும் சும்மா எடுத்துப் பார்க்காதீங்க, நிறைய இடத்துல சென்சார் வெச்சிருக்கான், தூக்கினாலே பில்லுல ஏறும்.

ரிசார்ட் ஃபீஸ்னு வாடகைக்கு மேல ஹோட்டல்காரன் கட்டாயமா வாங்கற ஒண்ணு உண்டு, ஒரு ராத்திரிக்கு நாப்பது அம்பது டாலர் கிட்ட, ரூம் வாடகையே அதைவிடக் கம்மியா இருக்கற நாளும் உண்டு. 2025 மே மாசத்துல இருந்து அதையும் சேர்த்து மொத்த ரேட்டைத்தான் காட்டணும்னு அமெரிக்கால ரூல் போட்டுட்டாங்க, ஆனா ரூம் வரி, பார்க்கிங் இதெல்லாம் தனியாத்தான் வரும். செக்இன்ல கார்டுல ஒரு தொகையைப் பிடிச்சு வெப்பாங்க, டெபிட் கார்டு குடுத்தா அந்தக் காசு நாள்கணக்குல மாட்டிக்கும், கிரெடிட் கார்டு குடுக்கச் சொல்லுங்க. வெள்ளி சனி போகாதீங்க, ஞாயித்துக்கிழமை உள்ள போய் புதன்கிழமை வெளிய வந்தா அதே ரூம் பாதிக்கும் கீழ கிடைக்கும், கார் ரேஸு நடக்கற நவம்பர் வாரத்தை மட்டும் தவிர்த்துடுங்க.

எந்த ஊரா இருந்தாலும் புக் பண்றதுக்கு முன்னாடி ரிவ்யூல அஞ்சு ஸ்டாரை விட்டுட்டு ரெண்டு ஸ்டார், மூணு ஸ்டார் குடுத்தவங்க எழுதினதைப் படிங்க, அவங்கதான் கோவமும் இல்லாம சந்தோஷமும் இல்லாம உள்ளதைச் சொல்வாங்க. சத்தம், லிஃப்ட், சுடுதண்ணி, சிகரெட் நாத்தம், இந்த நாலையும் தேடிப் பாருங்க. ஹோட்டல் போட்ட போட்டோவைப் பார்க்காம கெஸ்ட் எடுத்த போட்டோல பாத்ரூமைப் பாருங்க. அப்புறம் நேரா ஹோட்டலுக்கு ஒரு போன் போடுங்க, ஆப் ரேட்டைச் சொல்லி நேரா போட்டா என்ன தருவீங்கன்னு கேளுங்க, விலை குறைக்கலன்னாலும் லேட் செக்அவுட்டோ காலை டிபனோ சேர்த்துத் தருவாங்க. ரூம்ல லாக்கர் இருக்கான்னும் அதுலயே கேட்டுடுங்க, பாஸ்போர்ட்டையும் (சிங்கப்பூர் மாதிரி கேசினோ வாசல்ல ஒரிஜினல் கேக்கற ஊரைத் தவிர) திரும்பி வர்ற காசையும் அதுல போட்டுப் பூட்டிட்டு அன்னிக்கு ஆட வெச்சிருக்கிறதை மட்டும் கையில எடுத்துக்கினு போங்க. ஏடிஎம் கார்டும் லாக்கர்லயே இருக்கட்டும். ரூம் நடக்கற தூரத்துல இருந்தா கார்டு எடுக்க ஓடி வருவீங்களேன்னு கேக்கலாம், அதுக்குத்தான் லாக்கர் நம்பரை ஆடாத ஆளு யாராவது ஒருத்தர் போடணும், பெரும்பாலும் பொண்டாட்டி.

கடைசியா திரும்பற நாள். வேலூர்ல இருந்து மெட்ராஸ் ஏர்போர்ட் சுமாரா 130 கிலோமீட்டர், பெங்களூர் ஏர்போர்ட் ஊருக்கு அந்தாண்ட வடக்குல இருக்கறதால இருநூறைத் தாண்டும், டிராஃபிக் வேற. பெங்களூர்ல டிக்கெட் ஆயிரம் ரூபா கம்மின்னு போட்டுட்டு ராத்திரி பதினோரு மணிக்கு இறங்கினா அங்க ஒரு ரூம் போட வேண்டி வரும், அதையும் ட்ரிப்பு ரூம் கணக்குலயே சேர்த்துக்குங்க. மெட்ராஸ்ல இறங்கறவங்க வண்டிக்கு முன்னாடியே சொல்லி வெச்சுட்டா ஸ்ரீபெரும்புதூர், வாலாஜான்னு தூங்கிக்கினே வூடு வந்து சேந்துடலாம்.